48 வயது ஆளுக்கு 65 வயது இரத்தக் குழாயா?

சில மாதங்களுக்கு முன் நமக்கு ஒரு கடிதம் வந்தது. பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாள். பேராவில் உள்ள ஒரு தோட்டத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார். பெயரையும் தோட்டத்தையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. மற்றதை அவர் எழுதியபடியே தருகிறோம்.

"ஐயா, எங்க தோட்டத்து மண்டபத்துல ஒரு கூட்டம் போட்டாங்க. டவுன்லேருந்து ரெண்டு பேரு டை கட்டிக்கிட்டு வந்தாங்க. விரல்ல ஒரு கிளிப்பை மாட்டி கம்ப்யூட்டர்ல பாத்தாங்க. எங்க வீட்டுக்காரருக்கு வயசு 48. அவரோட ரத்தக் குழாய்க்கு வயசு 65ன்னு சொல்லிட்டாங்க. குழாய் தடிச்சுப் போச்சு, விறைச்சுப் போச்சு, எந்த நேரமும் அடைச்சுக்கும்னு சொன்னதும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ஒரு பாட்டல் மருந்து 190 வெள்ளி. ரெண்டு பாட்டல் வாங்கிட்டோம். மூத்தவளோட பள்ளிக்கூட பஸ் காசு இன்னும் கட்டல. இவங்க சொல்றது நெசமா ஐயா? ரத்தக் குழாய்க்குன்னு தனியா ஒரு வயசு இருக்குதா?"

கடிதத்தைப் படித்ததும் நமக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு பாட்டல் 380 வெள்ளி. 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனது. அதை 26 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 65 வெள்ளிச் சொச்சம். ஆக, ஏறக்குறைய ஆறு நாள் உழைப்பை அந்த இரண்டு பேரும் அரை மணி நேரத்தில் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். சூடாக ஒரு பதில் எழுதி இந்தப் பகுதியில் போட்டுவிடலாம் என்றுகூட நினைத்தோம். ஆனால் ஒரு சங்கடம். அவர்கள் சொன்னதில் பாதி உண்மை!

நாம் டாக்டர் அல்ல. தோட்டத்துப் பள்ளியில் படித்துவிட்டுச் சங்க வேலைக்கு வந்தவர். ஆகையால் தெரிந்தவரிடம் கேட்போம் என்று, அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஒரு டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தோம். அவருடைய தாயார் பால்மரம் வெட்டியவர். டாக்டரம்மாவின் பேச்சில் தோட்டத்து வாடை இன்னும் போகவில்லை. கடிதத்தை வாங்கிப் படித்தவர் நம்மைப் பார்த்து, "அண்ணே, நீங்க தோட்டத்துல மருந்தடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

அடித்ததில்லை; ஆனால் பள்ளி விடுமுறையில் அம்மாவோடு போய்ப் பார்த்திருக்கிறோம் என்றோம்.

"அந்த முதுகுல மாட்டுற பம்பை நல்லா யோசிச்சுப் பாருங்க. கைப்பிடியை விட்டு விட்டுத்தானே அமுக்குறோம்? ஆனா மருந்து மட்டும் விட்டு விட்டு வரலையே. ஒரே சீரா வருதே, அது எப்படி?"

மருந்தடிக்கும் நம் சகோதரிகளுக்கு இதன் விடை தெரியும். பம்புக்குள் காற்று நிற்கும் ஒரு குடுவை இருக்கிறது. கைப்பிடியை அமுக்கும்போது அந்தக் காற்று சுருங்கி, வந்த வேகத்தில் பாதியைத் தனக்குள் வாங்கி வைத்துக்கொள்கிறது. கை ஓயும்போது மெல்ல விரிந்து, வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கிறது. குடுவை கெட்டுப்போன பம்பில் அடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒவ்வொரு அமுக்குக்கும் ஒரு பீச்சு, பிறகு ஒன்றுமில்லை, மறுபடியும் ஒரு பீச்சு. கையும் வலிக்கும், குழாயும் சீக்கிரம் தெறிக்கும்.

நம் நெஞ்சும் விட்டு விட்டுத்தான் அமுக்குகிறது. நிமிடத்துக்கு 70 தடவை என்று வைத்தால், ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவை. ஆனால் இரத்தம் உடம்பில் நின்று நின்று ஓடுவதில்லை. நெஞ்சிலிருந்து புறப்படும் பெரிய இரத்தக் குழாய்தான் அந்தக் குடுவையின் வேலையைச் செய்கிறது. நெஞ்சு அமுக்கும்போது குழாய் விரிந்து கொடுக்கிறது. நெஞ்சு ஓயும்போது சுருங்கி, வாங்கியதை முன்னே தள்ளுகிறது. 1733-லேயே இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஒரு பாதிரியார் குதிரையின் இரத்த அழுத்தத்தை அளந்து பார்த்து, இரத்தக் குழாயின் இந்த வேலையைத் தீயணைக்கும் பம்பின் காற்றுக் குடுவையோடு ஒப்பிட்டு எழுதினார். நம் முதுகில் தொங்கும் பம்பின் கதையும் அதுவேதான்.

இப்படி விரிந்து சுருங்குவதற்கு அந்தக் குழாயின் சுவரில் லாஸ்டிக் போன்ற நார்கள் இருக்கின்றன. ரப்பரை நம்பிப் பிழைத்த ஜனங்களுக்கு ரப்பரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வெயிலில் கிடந்த பழைய டியூப் என்ன ஆகும்? இழுத்தால் வராது, விறைத்து வெடிப்பு விடும். உடம்பில் உள்ள இந்த லாஸ்டிக் நார்கள் தாயின் வயிற்றிலும் சிறு பிள்ளைப் பருவத்திலும் உருவானவை. அதற்குப் பிறகு உடம்பு புதிதாக நெய்து கொடுப்பது மிக அற்பம். நாளுக்கு லட்சம் தடவை விரிந்து சுருங்கி அவை மெல்ல மெல்ல அறுகின்றன. அறுந்த இடத்தில் முரட்டு நார் வந்து உட்காருகிறது. சில இடங்களில் சுண்ணாம்பும் படிகிறது. குழாய் விறைப்பது என்பது இதுதான். வயதானால் எல்லாருக்கும் வருவது. ஆனால் இரத்தக் கொதிப்பு உள்ளவருக்கும் இனிப்பு நீர் உள்ளவருக்கும் சிகரெட் பிடிப்பவருக்கும் பல வருஷம் முந்தி வந்துவிடுகிறது. இனிப்பு நீரில் என்ன நடக்கிறது என்றால், இரத்தத்தில் மிதக்கும் சர்க்கரை அந்த நார்களில் ஒட்டி, ஒன்றோடொன்று கட்டிப் போட்டுவிடுகிறது. கட்டிய நார் எப்படி விரியும்?

தடிப்பது வேறு கதை. குழாயின் சுவரில் மூன்று அடுக்கு உண்டு. உள்ளே மெல்லிய தோல், நடுவில் தசையும் லாஸ்டிக் நாரும், வெளியே ஒரு போர்வை. அழுத்தம் கூடினால் நடு அடுக்கு தாக்குப்பிடிப்பதற்காகத் தடிக்கிறது, காண்டாக் கட்டை சுமந்தவர் தோள் தடிப்பதைப் போல. உள் அடுக்கிலோ கொழுப்பு புகுந்து தடிக்கிறது. இந்த இரண்டு அடுக்கையும் சேர்த்துத்தான் டாக்டர்கள் அளக்கிறார்கள். கழுத்தில் நாடி துடிக்கும் இடத்தில், கர்ப்பிணிகளுக்கு வைத்துப் பார்ப்பார்களே, அதே மாதிரிக் கருவியை வைத்தால் சுவர் இரண்டு கோடாகத் தெரியும். கோட்டுக்குக் கோடு எவ்வளவு தூரம் என்பதுதான் கணக்கு. 1986-இல் இத்தாலியில் பிக்னோலி என்பவரும் அவரோடு வேலை செய்தவர்களும், இறந்தவர்களின் குழாயை நேரில் அளந்து, கருவி காட்டும் அளவு அதோடு ஒத்துப்போகிறது என்று காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் இந்த முறை உலகம் முழுதும் பரவியது.

மில்லிமீட்டர் கணக்கு நமக்குப் புதிதல்ல. ஒரு வெட்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் பட்டையைத் தின்னக் கூடாது, மரத்தைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்ட வேண்டும் என்று, அளவுகோல் இல்லாமலே கை அறியும் நம் பால்வெட்டுக்காரர்களுக்கு. கழுத்துக் குழாயின் கணக்கு அதைவிட நுணுக்கம். இளம் வயதில் அரை மில்லிமீட்டர் அளவு. வருஷத்துக்கு நூற்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கூடும்; பத்து வருஷத்தில் ஏறக்குறைய ஒரு தலைமுடியின் தடிமன்! 0.9 மில்லிமீட்டரைத் தாண்டினால் குழாய் கெட ஆரம்பித்துவிட்டது என்று ஐரோப்பிய டாக்டர்கள் கணக்கு வைத்தார்கள். ஒன்றரை மில்லிமீட்டர் வந்துவிட்டால் அதற்குத் தடிப்பு என்று பெயரில்லை. கொழுப்பு மேடு கட்டிவிட்டது என்று பொருள். அந்த மேடு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து, உறைந்த கட்டி மூளைக்கு ஓடினால் பக்கவாதம். நெஞ்சின் குழாயில் அப்படி நடந்தால் மாரடைப்பு.

விறைப்பை அளப்பது இன்னும் வேடிக்கை. நெஞ்சு ஒரு தடவை அடித்தால் அந்த அதிர்ச்சி குழாயின் சுவர் வழியே அலையாக ஓடுகிறது. இரத்தம் ஓடும் வேகம் வேறு, இந்த அலை ஓடும் வேகம் வேறு. மெத்தென்ற குழாயில் அலை மெதுவாகப் போகும். விறைத்த குழாயில் விரைந்து போகும். தண்டவாளத்தில் ஒரு முனையில் தட்டினால் மறுமுனையில் உடனே கேட்கிறதல்லவா, அது போல. கழுத்திலும் தொடை இடுக்கிலும் நாடியைப் பிடித்து, அலை எவ்வளவு நேரத்தில் வந்து சேர்ந்தது என்று பார்க்கிறார்கள். இளைஞருக்கு வினாடிக்கு ஐந்தாறு மீட்டர். பத்து மீட்டரைத் தாண்டினால் ஆபத்து என்று 2012-இல் நிபுணர்கள் ஒரு கோடு போட்டார்கள். 2010-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், வினாடிக்கு ஒரு மீட்டர் கூடினால் இருதய, இரத்தக்குழாய் நோய் வரும் அபாயம் ஏறக்குறைய 15 விழுக்காடு கூடுகிறது என்று தெரிந்தது.

விறைத்த குழாயில் வேறு சங்கடமும் உண்டு. குடுவை கெட்ட பம்பு என்றோமே, அந்தப் பீச்சின் அடி முழுவதும் மூளையிலும் சிறுநீரகத்திலும் உள்ள மயிர் போன்ற சிறு குழாய்களில் போய் விழுகிறது. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம் டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நம்மவர்களைப் போய்க் கேளுங்கள். பலர் இனிப்பு நீரிலும் இரத்தக் கொதிப்பிலும் தொடங்கியவர்கள்தாம்.

இவ்வளவும் கேட்டபின் நாம் டாக்டரம்மாவிடம், "அப்படியானால் அந்த டை கட்டியவர்கள் சொன்னது சரிதானே? குழாய்க்குத் தனி வயது இருக்கத்தானே செய்கிறது?" என்றோம்.

"இருக்குண்ணே. நான் இல்லன்னு சொல்லல. ஆனா அவங்க கையில இருந்தது விரல் கிளிப்பு. கழுத்துச் சுவர் தடிச்சிருக்கா இல்லையான்னு விரல்ல கிளிப்பை மாட்டிப் பாக்க முடியாது. அது விரல்ல ரத்தம் வந்து போற அலையைத்தான் பாக்கும். கை சில்லுன்னு இருந்தா ஒரு மாதிரி வரும். இப்பத்தான் ஒரு சிகரெட் இழுத்துட்டு வந்தா வேற மாதிரி வரும். கூட்டத்துல பத்துப் பேரு பாத்துக்கிட்டு நின்னா, பயத்துலயே மாறும். 'குழாய் தடிச்சுப் போச்சு'ன்னு அவங்க சொன்னது வாயில வந்தது."

அதோடு அவர் இன்னொன்றும் சொன்னார். நமக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. கழுத்துச் சுவரை உண்மையான கருவியில் அளந்து பார்ப்பதிலேயே சாதாரண ஆளுக்குப் பெரிய லாபம் இல்லையாம். 2012-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், ஒருவருடைய வயது, இரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை, சிகரெட் பழக்கம் இவை தெரிந்திருந்தால், கழுத்து அளவு அதற்கு மேல் கூட்டிச் சொல்வது மிகவும் கொஞ்சம் என்று கண்டார்கள். 2013-இல் அமெரிக்க இருதய மருத்துவ அமைப்புகள், இந்த அளவை எல்லாருக்கும் வழக்கமாக எடுக்க வேண்டாம் என்றே எழுதிவிட்டன. ஆராய்ச்சிக்கு அருமையான கருவி. வீட்டுச் செலவுக்கு உகந்ததல்ல. தனியார் கிளினிக்கில் பெரிய காசு கொடுத்துக் கழுத்து ஸ்கேன் எடுக்கலாமா என்று கேட்கும் தோழர்களுக்கும் இதுவே பதில். டாக்டர் காரணம் சொல்லிக் கேட்டால் எடுங்கள். விளம்பரம் கேட்டால் வேண்டாம்.

குழாயைக் கெடுப்பதும், கெட்டதைக் காட்டிக் கொடுப்பதும் பெரும்பாலும் அழுத்தமும் சர்க்கரையும்தான். அரசாங்கக் கிளினிக்கில் இந்நாட்டுக் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிக்கு இந்த இரண்டையும் பார்க்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து நம்மோடு வேலை செய்யும் தோழர்களுக்குக் கட்டணம் அதிகம் என்பது வருந்தத்தக்கது. அவர்களுடைய குழாயும் நம்முடையதைப் போலத்தானே விறைக்கிறது!

இங்கே நாம் ஒரு பழைய விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சொல்லவே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு தோட்டத்துக்குப் போனஸ் விஷயமாகப் போயிருந்தோம். ஆயாக் கொட்டகையில் பல வருஷம் பிள்ளை பார்த்த ஒரு பெரியம்மா நமக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். பேச்சுவாக்கில், டவுன் கிளினிக்கில் பிரஷர் பார்த்ததாகச் சொன்னார். "மேல 172, கீழ 78 தலைவரே. கீழ இருக்கிறதுதான் முக்கியம்னு இங்க எல்லாரும் சொல்றாங்க. கீழ நல்லாத்தானே இருக்கு? மாத்திரை தின்னா தலை சுத்துது, நிறுத்திட்டேன்." நாம் என்ன சொன்னோம் தெரியுமா? "ஆமாம் பெரியம்மா, கீழே நன்றாகத்தான் இருக்கிறது" என்றோம். நமக்கும் அப்படித்தான் தெரியும். காப்பியைக் குடித்துவிட்டு போனஸ் கணக்குக்குப் போய்விட்டோம்.

அடுத்த வருஷம் போனபோது பெரியம்மா வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது. நம்மைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வந்தார், வார்த்தை வரவில்லை. மருமகள்தான் சொன்னார்: "பெரட்டுக்குப் போற நேரம், விடியக் காலையில விழுந்துட்டாங்க." விடியற்காலையில் நம் உடம்பின் அழுத்தமும் ஏறுகிறது என்பது டாக்டர்கள் அறிந்த விஷயம். மரத்துக்குள் அழுத்தம் ஏறி நிற்கிற நேரத்தில்தானே நாமும் பால் வெட்டப் போகிறோம்.

அந்த இரண்டு எண்ணைப் பற்றி இப்போது டாக்டரம்மாவிடம் கேட்டோம். மேல் எண், நெஞ்சு அமுக்கும்போது உள்ள அழுத்தம். கீழ் எண், நெஞ்சு ஓயும்போது உள்ளது. குழாய் மெத்தென்று இருந்தால் மேலே அதிகம் ஏறாது, கீழேயும் அதிகம் இறங்காது. குடுவை வேலை செய்கிறது என்று பொருள். குழாய் விறைத்தால் மேலே எகிறும். ஓயும்போது தள்ள ஆள் இல்லாததால் கீழே இறங்கும். ஆகவே வயதானவருக்கு மேல் எண் உயர்ந்து, கீழ் எண் 'நன்றாக' இருந்தால், அது நல்ல சேதியே அல்ல. விறைத்த குழாயின் அடையாளம் அது. மேலேயிருந்து கீழே கழித்துப் பாருங்கள். 120-க்கு 80 என்றால் வித்தியாசம் 40. வயதானவருக்கு 60-ஐத் தாண்டினால் குழாய் விறைத்திருக்கிறது என்று டாக்டர்கள் யோசிப்பார்கள். பெரியம்மாவுக்கு 172-இல் 78 போனால் 94!

விரலில் கிளிப்பும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம்; தோட்டத்துப் பள்ளியில் படித்த கழித்தல் கணக்கு போதுமாக இருந்தது. நமக்கு அது தெரியாமல் போயிற்று.

நம் நாட்டில் 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் பத்துப் பேரில் மூன்று பேருக்கு இரத்தக் கொதிப்பு இருந்தது. அந்த மூன்று பேரில் ஏறக்குறைய பாதிப்பேருக்குத் தமக்கு இருப்பதே தெரியவில்லை. இனிப்பு நீர் ஐந்தில் ஒருவருக்கு. அதில் நம்மவர் கணக்கு மற்ற பெரிய இனத்தாரைவிட அதிகம். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, அதனால்தான் தெரிவதில்லை. "எனக்கு ஒன்னும் செய்யலையே" என்று நம் ஆட்கள் மார்தட்டுவார்கள். 1953-இல் கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்கப் போர்வீரர்களின் நெஞ்சைத் திறந்து பார்த்த கதை ஒன்று உண்டு. சராசரி வயது 22. நூற்றுக்கு 77 பேரின் இருதயக் குழாயில் நோய் தொடங்கியிருந்தது. எல்லாரும் ஓடியாடிச் சண்டை போட்ட வாலிபர்கள்!

"நாங்க நாள் பூரா நடக்கிறோம், குலை வெட்டுறோம், மூட்டை தூக்குறோம், எங்களுக்கு எதுக்குத் தலைவரே உடற்பயிற்சி?" என்றும் கேட்பார்கள். நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம். 2021-இல் டென்மார்க்கில் கோப்பன்ஹேகன் மக்கள் ஒரு லட்சம் பேருக்கு மேல் வைத்து வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. ஓய்வு நேரத்தில் நடப்பதும் விளையாடுவதும் இருதயத்துக்கு நல்லது. வேலையில் உடம்பை வருத்துவது அப்படி அல்ல, கெடுதலாகக்கூட இருக்கிறது. காரணம் யோசித்தால் புரியாததல்ல. பாரத்தைத் தூக்கி முக்கும்போதெல்லாம் அழுத்தம் எகிறுகிறது. இளைப்பாற நேரம் கிடைப்பதில்லை. மறுநாளும் அதே பாரம். சாயங்காலம் பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கைவீசி நடப்பது ஒன்று, 20 கிலோ குலையைத் தள்ளுவண்டியில் மேடேற்றுவது ஒன்று. 'நம் ஆட்களுக்கு வேலையே உடற்பயிற்சி' என்று பேசும் நிர்வாகிகள் இதைப் படித்தால் நல்லது.

உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாளுக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மலேசியர்கள் சராசரியாக 8 கிராம் அளவுக்குத் தின்கிறோம். கருவாட்டை மட்டும் குறை சொல்லிப் புண்ணியமில்லை. கிச்சாப், பாக்கெட் மீ, அதோடு வரும் தூள், ஊறுகாய் எல்லாம் கணக்கில் வரும். மீ பாக்கெட்டின் தூளில் பாதியைப் போட்டுவிட்டு மீதியைத் தூரப் போடுங்கள் என்றார் டாக்டரம்மா. பிள்ளைகள் முதல் நாள் முகம் சுளிக்கும், பிறகு பழகிவிடும். சூசு போட்ட தேத்தண்ணியையும் நாளுக்கு நாலு என்பதை ஒன்றாக்கலாம். சிகரெட்டைப் பற்றி நாம் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஒரு சிகரெட் பிடித்த சில நிமிடத்திலேயே குழாய் விறைப்பதை அளந்து பார்த்திருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறோம்.

விறைத்த குழாய் மெத்தென்று ஆகுமா? அறுந்த லாஸ்டிக் நாரை ஒட்டவைக்க மருந்து இல்லை. 190 வெள்ளிப் பாட்டலிலும் இல்லை. ஆனால் அழுத்தம் இறங்கினால் குழாயின்மேல் இழுப்பு குறைகிறது, விறைப்பும் ஓரளவு குறைகிறது. தடிப்பது மெதுவாகிறது. மாத்திரையின் வேலை அதுதான். தலை சுற்றினால் நிறுத்திவிடாமல், டாக்டரிடம் சொல்லி வேறு மாத்திரைக்கு மாற்றிக்கொள்ளலாம். பல வகை இருக்கின்றன. இது அன்று பெரியம்மாவுக்குச் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை.

மாத்திரையை நிறுத்துவதற்கு இன்னொரு காரணம் உண்டு. அதைச் சொல்லாமல் 'தொழிலாளிக்கு அக்கறை இல்லை' என்று எழுதினால் நம் பேனா பொய் பேசும். கிளினிக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். ஆனால் தோட்டத்திலிருந்து டவுனுக்குப் பஸ் இல்லை. கிளினிக்கில் நம்பர் வாங்கி உட்கார்ந்தால் மத்தியானம் ஆகும். அன்றைய சம்பளம் போச்சு. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் டாக்டர் சீட்டோடு வருஷத்துக்கு 14 முதல் 22 நாள் வரை சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. ஆனால் மாத்திரை வாங்கப் போகிறவர் படுத்த நோயாளி அல்லவே! 'சும்மா செக்கப் தானே' என்று சில இடங்களில் அந்த நாளைச் சம்பளமில்லாத நாளாகப் போட்டுவிடுகிறார்கள். ஒரு வெள்ளி மருந்துக்கு 65 வெள்ளி கொடுப்பவர் எத்தனை மாதம் கொடுப்பார்? மண்டபத்துக்கே வந்து விரலில் கிளிப் மாட்டுகிறவனிடம் ஜனங்கள் ஏன் போகிறார்கள் என்று இப்போது விளங்கும். அவன் நம் வாசலுக்கு வருகிறான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக் போகும் நாளைச் சம்பளத்தோடு விட வேண்டும் என்று நாம் செல்லும் தோட்டங்களில் கேட்கத் தொடங்கியிருக்கிறோம். இரண்டு தோட்டங்களில் சரி என்றார்கள். ஒன்றில் லாரியும் விடுகிறார்கள். மற்ற இடங்களில் பேச்சு நடக்கிறது. ஒருமுறை டாக்டரைப் பார்த்தபின் அடுத்த மாதங்களின் மாத்திரையைத் தபாலில் அனுப்பும் ஏற்பாடு பல அரசாங்க மருந்தகங்களில் இருக்கிறது, கவுண்டரில் கேளுங்கள். 40 வயதைக் கடந்து சொக்சோ கட்டுகிறவர்களுக்கு 2013-இலும், உதவித்தொகை பெறும் குறைந்த வருமானக்காரர்களுக்குப் பெக்கா பி40 என்ற பெயரில் 2019-இலும் இலவசப் பரிசோதனைத் திட்டங்கள் தொடங்கப்பட்டன. பெயர் இருக்கிறதா என்று கிளைச் செயலாளர்கள் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

பிரஷர் பார்க்கப் போகும்போது ஓடி வந்த மூச்சோடு கையை நீட்டாதீர்கள். அரை மணிக்கு முன்பே காப்பியும் சிகரெட்டும் நிறுத்திவிட்டு, ஒன்றுக்குப் போய்விட்டு வந்து, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கை மேசைமேல், நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். மிஸ்ஸி சொல்லும் இரண்டு எண்ணையும் எழுதி வாங்குங்கள். 'நார்மல்தான் அம்மா' என்ற வார்த்தை மட்டும் போதாது. கிளினிக்கில் 140-க்கு 90, வீட்டில் அளந்தால் 135-க்கு 85. மேலோ கீழோ எது தாண்டினாலும் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு இதையெல்லாம் சுருக்கி எழுதினோம். பாட்டலை நம்பி இருக்காமல் வீட்டுக்காரரைக் கிளினிக்குக் கூட்டிப்போகச் சொன்னோம். அவர் போக மாட்டேன் என்று மூன்று வாரம் அடம்பிடித்தாராம். பிறகு மச்சானோடு மோட்டார் சைக்கிளில் போயிருக்கிறார். 166-க்கு 96, சர்க்கரையும் எல்லையைத் தாண்டியிருந்தது. கிளிப்புக்காரன் சொன்ன 65 வயதை யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் அவருக்குக் குழாயைக் கெடுக்கும் சாமான் இரண்டும் உடம்பில் இருந்தது உண்மை. இப்போது காலையில் ஒரு மாத்திரை, சாப்பாட்டோடு ஒரு மாத்திரை. போன வாரம் சகோதரி மறுபடியும் எழுதியிருந்தார்: "138க்கு 86ன்னு மிஸ்ஸி எழுதிக் குடுத்தாங்க. கழிச்சுப் பாத்தேன் ஐயா, 52 வருது."

அதே கடிதத்தின் அடியில் இன்னொரு கேள்வி. திறக்காத ஒரு பாட்டல் அலமாரியில் இருக்கிறதாம். காசைத் திருப்பி வாங்க முடியுமா என்று கேட்கிறார். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் போடலாம், வக்கீல் வேண்டாம், பாரத்தை நிரப்பிக் கொடுக்கச் சங்கம் உதவும். அவர்கள் ரசீது கொடுத்தார்களா என்று கேட்டு எழுதியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.